ஈக்களைப் பட்டினி போட்டவர்

ஈதரில் மயங்கிக் கிடக்கும் பழ ஈக்களை அவர் பிரிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டில் எள்ளைக் கொட்டியது மாதிரி கிடக்கும். மெல்லிய பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். ஆண் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம். ஒரு சிறகு மடங்காது, ஒரு கால் ஒடியாது. அதே வலது கை ஒருநாள் மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடியன் கன்னத்தில் இறங்கியபோது, எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஏதோ டயர் வெடித்துவிட்டது என்று தெருவுக்கே ஓடிவந்துவிட்டார்.

நான் திருச்சியில் ஒரு காலேஜின் விலங்கியல் துறையில் அட்டெண்டராக இருந்தேன். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மீதியெல்லாம் காதால் படித்ததுதான். அவர் அந்தத் துறையில் விரிவுரையாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலக்கரைப் பக்கம் வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசை. எதிரில் எல்லாருக்கும் மேடம். முதுகுக்குப் பின்னால் ‘ஈ மேடம்’. அது அவருக்கும் தெரியும். “கொசு மேடம்னு சொல்லலையே, அந்த மட்டும் சந்தோஷம்” என்பார்.

பஸ் ஸ்டாண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தடியன் க்யூவில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் கை வைத்தான். மேடம் நேரே போனார். அறைந்தார். அவன் லேசுப்பட்டவன் இல்லை, திருப்பி அறைந்தான். மூக்குக்கண்ணாடி பறந்துபோய் என் காலடியில் விழுந்தது. உதட்டில் ரத்தம். நாலு பேர் அவனைப் பிடிக்கப் போனார்கள். “விடுங்க, விடுங்க, இன்னும் முடியலை” என்று அவர்களை விலக்கிவிட்டு இன்னொன்று வைத்தார். அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து அவனிடமே நீட்டினார். “மூக்கைத் துடைச்சுக்க. போ.”

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். “மேடம், அவன் அடிச்சது வலிக்கலையா?”

“வலிக்குது. அதான் நிம்மதியா இருக்கு. திருப்பி வராத அடி இருக்கு பாருப்பா, அது நம்ம கையிலேயே தங்கிடும். உள்ளங்கை அரிச்சுக்கிட்டே கிடக்கும்.”

அதனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. திருப்பி அடிக்கக்கூடியவனைத்தான் அடிப்பார். ஒரு ஸ்ட்ரைக் நேரத்தில் ஒரு மாணவன் சைக்கிள் செயினைச் சுழற்றிக்கொண்டு லேப் கதவை உதைத்தான். அவர் குடுவை மாட்டும் ரிடார்ட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனார். செயின் அவர் முழங்கையைக் கிழித்தது. இரும்புக் கம்பி அவன் தோள்பட்டையில் இறங்கியது. அடுத்த மாதம் அவனே தோளில் கட்டுடன் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக்கு வந்து நின்றான். “படம் நல்லா வரைஞ்சிருக்கே. இடது கையாலயா?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் பயந்த பிள்ளைகளிடம் குரலைக்கூட உயர்த்தியதில்லை. என்னையும் ஒருபோதும் அடித்ததில்லை. “நீ அடி வாங்கிட்டுக் கும்பிடுற ஜாதிப்பா. உன்னை அடிச்சு என்னத்துக்கு?” என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். காலேஜை மூடிவிட்ட ஒரு சமயம், ஈ பாட்டில்களை நானும் அவரும் பத்திரமாக அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். உள்ளே அவரும் அவர் அண்ணனும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். அண்ணன் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கை இரும்பு மாதிரி இருக்கும். “ஈயைப் பட்டினி போட்டுச் சாகடிக்கிறதுக்கு டாக்டர் பட்டமாம்” என்று சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். நாற்காலி கால் உடைந்து கிடந்தது. அண்ணன் இடது கண் வீங்கி மூடியிருந்தது. மேடத்தின் பின்னல் அவர் கையில். இத்தனைக்கும் நடுவில் அவர்கள் அம்மா மீன் குழம்புச் சட்டியை மட்டும் தூக்கி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, “வாப்பா, உக்காரு” என்றார்.

“பாட்டி, விலக்கிவிட வேணாமா?”

“சட்டி உடைஞ்சா சாப்பாடு போச்சு. இதுங்க உடைஞ்சா ஒட்டிக்கும்.”

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல மீன் துண்டாகப் பார்த்துத் தங்கை தட்டில் வைத்தார், கண் வீங்கிய அண்ணன்.

அவருடைய ஆராய்ச்சியைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ரவை, வெல்லம், கடல்பாசி மூன்றையும் வேகவைத்துப் பாட்டிலில் ஊற்றுவோம். லேப் முழுக்கக் கேசரி வாசனை வரும். அதில் பாதிப் பாட்டில்களுக்கு பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டை நிறையப் போடுவார். மீதிக்கு ஈஸ்ட் பேருக்கு, வெல்லம் தாராளம். ஈஸ்ட் தின்ற ஈ பளபளவென்று இருக்கும், முட்டையாக இட்டுத் தள்ளும். வெல்லம் தின்ற ஈ மந்தம், முட்டையும் கம்மி. பிறகு இரண்டு கூட்டத்தையும் வெறும் கடல்பாசி ஊற்றிய சின்னக் குழாய்களில் அடைப்பார். அதில் ஈரம் உண்டு, சோறு கிடையாது. எது முதலில் விழுகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

“ஈஸ்ட் தின்னதுதானே மேடம் தெம்பா இருக்கு? அதுதானே தாங்கும்?” என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அது தின்னதையெல்லாம் முட்டையாப் போட்டுட்டு வெறும் உடம்போட நிக்குதுப்பா. வெல்லம் தின்னது கொழுப்பாச் சேத்து உள்ளே வச்சிருக்கு. பஞ்சம் வந்தா பளபளப்பு முதல்ல விழும்.”

விழுந்தன. முதலில் சுவரேறுவதை விட்டுவிடும். பிறகு அடியில் உட்காரும். பிறகு மல்லாந்து காலை உதறும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் திருப்பமாட்டார். “நான்தான் கொல்றேன். கொல்றவ பாக்கணும். பாக்காமக் கொல்றதுதான் பெரிய பாவம்” என்பார்.

இதைத் தாங்கமுடியாத ஒரு ஆள் எங்கள் துறையில் இருந்தார். ஸ்டோர்கீப்பர். ஸ்ரீரங்கத்துக்காரர், ரிட்டயர் ஆகும் வயசு, காற்றடித்தால் சாய்கிற உடம்பு, நெற்றியில் திருமண். ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி. மற்ற நாளில் வீட்டிலிருந்து தூக்கில் வரும் தயிர்சாதம். பிறர் தொட்டதைச் சாப்பிடமாட்டார், காலேஜ் கேண்டீனில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. மேடம் அவரை ‘சாமி’ என்பார். இருவருக்கும் பேச்சு ஓயாது.

“அந்த ஈ அலமாரியைத் திறந்தாலே எனக்கு யமலோகம் ஞாபகம் வரது மேடம்.”

“யமலோகத்துல தண்ணி குடுப்பாங்களா சாமி? நான் குடுக்குறேன். நீங்க ஏகாதசிக்கு அதுகூடக் குடிக்கிறதில்லை.”

“நான் பெருமாளுக்காக இருக்கேன். அதுகள் யாருக்காக இருக்கு?”

“எனக்காக.”

“கேட்டுண்டா இருக்கச் சொன்னேள்?”

இதற்கு மட்டும் மேடம் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கடைசிக் கட்டம் வந்தது. மெட்ராஸில் இருந்த அவருடைய வழிகாட்டி, இனி காலநீட்டிப்பு கிடையாது, இந்தத் தடவை முடித்துக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகும் என்று சொல்லிவிட்டார். அதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஈக்களைக் குழாய்களில் அடைத்தார். மார்கழி மாதம். ராத்திரிகூட அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டு பார்த்தார். நடுவில் வைகுண்ட ஏகாதசி வந்தது. ஊருக்கே விடுமுறை. மறுநாள் விடியற்காலை, குளித்துப் பூசைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று என்னைக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். நானும் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து குழாய்களைத் தூக்கிப் பார்த்த மேடம், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மல்லாந்து கிடக்க வேண்டிய ஈஸ்ட் ஈக்கள் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. பஞ்சு மூடியை எடுத்து மோந்தார். கடல்பாசியின் மேல் பழுப்பாக ஒரு சொட்டு இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். வெல்லம்.

எல்லாக் குழாயிலும் வெல்லம்.

என் சட்டைக் காலரைப் பிடித்தார். பொத்தான் தெறித்தது. முதுகு அலமாரியில் மோதியது. “யாருடா?” என்றார். அதற்கு முன் என்னை ‘டா’ என்று சொன்னதில்லை.

“அவனை விடுங்கோ மேடம். நான்தான்.”

ஸ்டோர்கீப்பர் வாசற்படியில் நின்றிருந்தார். கையில் இன்னொரு சாவி. மடியாக உடுத்திய வேட்டி, புதுத் திருமண், குளித்த ஈரம் காயாத தலை.

“துவாதசி ஆச்சே. சாப்பிட்டுப் பாரணை பண்ணாம விட்டா உபவாசத்துக்குப் பலன் கிடையாது. இத்தனை ஜீவன் பட்டினி கிடந்து கடைசியில உங்களுக்குப் பலன் வராமப் போயிடுமேன்னுதான்... வெல்லத் தீர்த்தம் ஒவ்வொரு சொட்டு. நான் இன்னும் சாப்பிடலை. அதுகளுக்குக் கொடுத்துட்டுப் போலாம்னு முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன்.”

அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். மேடத்தின் ஆராய்ச்சி பலிக்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார். ஏகாதசிக்கு இருந்தால் துவாதசிக்கு முடிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த பட்டினி அது ஒன்றுதான். அவர் பேசி முடிக்குமுன் அடி விழுந்தது.

பஸ் ஸ்டாண்டில் கேட்ட அதே சத்தம். ஆனால் அந்தத் தடியன் நின்றான், இவர் நிற்கவில்லை. பறந்துபோய் மேசை விளிம்பில் நெற்றி இடித்துக் கீழே விழுந்தார். புருவம் பிளந்து திருமண்ணெல்லாம் சிவப்பாகியது. மேசையிலிருந்த வளர்ப்புப் பாட்டில்கள் இரண்டு உருண்டு விழுந்து உடைந்தன. ஈக்கள் கும்பலாக எழுந்து எங்கள் மூன்று பேர் முகத்திலும் மொய்த்தன. யாரும் ஓட்டவில்லை. மேடம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். துறைத் தலைவர் போலீஸ் என்றார். மேடமும் “கூப்பிடுங்க” என்றார். ஸ்டோர்கீப்பர், “கால் வழுக்கி விழுந்தேன். யாரையும் கூப்பிட வேண்டாம்” என்று முடித்துவிட்டார். அப்படி முடித்ததுதான் மேடத்தை விடவில்லை. அடுத்த நாள் ஸ்டோர் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“திருப்பி அடிங்க சாமி.”

“நான் யாரையும் அடிச்சதில்லையே.”

“எனக்காக ஒண்ணு அடிங்க. உள்ளங்கை எரியுது எனக்கு.”

“தேங்காயெண்ணெய் தடவிக்கோங்கோ.”

“வேடிக்கையில்லை. நீங்க அடிக்கிற வரைக்கும் நான் சாப்பிட மாட்டேன். பச்சைத் தண்ணி மட்டும்தான்.”

மேடம் சொன்னால் சொன்னதுதான். கிளாஸ் எடுப்பார், தண்ணீர் குடிப்பார், ஸ்டூலில் வந்து உட்காருவார். பெரியவர் மதியம் தூக்கைத் திறந்தார். எதிரில் ஒரு உயிர் பட்டினி இருக்கும்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூடிவிட்டார். மறுநாள் தூக்கே கொண்டுவரவில்லை. ஆக இரண்டு பேரும் பட்டினி. நான் நடுவில் மாட்டிக்கொண்டு மேடத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். பெரியவர் குழாயில் தானே பிடித்துக்கொள்வார்.

மேடத்துக்கு அதிலும் ஒரு சிரிப்பு. “பாருப்பா, சரியா அமைஞ்சிருக்கு. நான் மீனும் முட்டையுமாத் தின்ன ஈஸ்ட் பாட்டில். சாமி அக்காரவடிசலும் சர்க்கரைப் பொங்கலும். நான்தான் முதல்ல விழுவேன்.”

“அபசகுனமாப் பேசாதீங்கோ” என்றார் பெரியவர் உள்ளேயிருந்து.

“அப்ப அடிங்க.”

சொன்னபடியே ஒருநாள் மேடம் கிளாஸில் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தார். மேடை முனையில் தாடை பட்டுக் கிழிந்தது. பிள்ளைகள் தூக்கிக்கொண்டுவந்து லேப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். செய்தி போய் அண்ணன் பட்டறை அழுக்கோடு ஓடிவந்தார். கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதிக் கண்ணாடி சிதறியது. தங்கையின் தாடையில் ரத்தத்தைப் பார்த்தார். புருவத்தில் தையலோடு நின்ற பெரியவரைப் பார்த்தார். நான் நடுவில் போய் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு, அந்த இரும்புக் கையைக் கூப்பினார்.

“பெரியவரே, ஒரு அடி குடுத்துத் தொலைங்க. எங்க வீட்ல தினம் நடக்கிறதுதான். இவ பிடிவாதத்துக்குச் செத்துடுவா.”

மேடம் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். பெரியவர் வந்து, கன்னத்தைத் தொட்டார்.

“என்ன சாமி, தூசி தட்டுறீங்க?”

இரண்டாவது கொஞ்சம் சத்தம் கேட்டது. “ம்” என்றார் மேடம். “போதும். அண்ணே, சோறு வாங்கிட்டு வா.”

ஆனால் மூன்றாவது விழுந்தது. யாரும் கேட்காத அடி. மேடத்தின் தலை ஒருபக்கம் திரும்பியது. தாடைக் காயம் மறுபடி திறந்தது. நாலாவது. பெரியவர் பல்லைக் கடித்திருந்தார். வாயோரம் நுரை. “ஜீவனைப் பட்டினி போடுவியா? போடுவியா?” என்று கேட்டபடி ஓங்கினார். அவர் யாரையும் ஏகவசனத்தில் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்தோம். அந்த ஒல்லி உடம்புக்குள் அத்தனை பலம் எங்கே சேர்த்துவைத்திருந்தது என்று தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் உலுக்கியது. மேடம் மட்டும் நகரவில்லை, கையை உயர்த்தித் தடுக்கவும் இல்லை. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பெரியவர் தொய்ந்து போனார். தரையில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் போட்டுக்கொண்டார், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் போல.

மேடம் அன்று இட்லி சாப்பிட்டார். வழிகாட்டிக்கு, குழாய்கள் கெட்டுவிட்டன, மறுபடி தொடங்குகிறேன் என்று மட்டும் டிரங்க்கால் போட்டுச் சொன்னார். யாரால் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் திட்டு விழுவது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு ரவை வேகவைக்கச் சொன்னார். பதிவு ரத்தாகத்தான் செய்தது. வேறோர் இடத்தில் புதிதாகப் பதிந்து, பட்டம் வாங்க அவருக்கு மேலும் பல வருஷம் ஆயிற்று.

பெரியவர்தான் தேறவில்லை. தூக்கு திரும்ப வந்தது. கூடவே ஒரு ஸ்பூனும் வந்தது. எதையும் கையால் பிசைந்து சாப்பிட்டே பழகிய மனிதர், தயிர்சாதத்தை ஸ்பூனால் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதி சிந்தும். பாதியில் மூடிவிடுவார். உடம்பு கண்ணெதிரே கரைந்தது. ஏன் என்று கேட்டேன்.

“அந்தக் கையால சாதத்தைத் தொட முடியலைப்பா. மூணாவது அடி என்னோடது. அவா கேக்கலை. எனக்கு ருசியா இருந்தது.”

இதை நான் மேடத்திடம் சொன்னேன். மதியம் ஸ்டோருக்கு வந்தார். பெரியவர் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். மேடம் ஸ்பூனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினார். அது எங்கேயோ கல்லில் பட்டு ஒலித்தது. குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, தூக்கைத் தன் பக்கம் இழுத்து, தயிர்சாதத்தைப் பிசைந்தார். மயங்கிய ஈயைப் பிரிப்பாரே, அந்த விரலால். ஒரு கவளம் உருட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பெரியவர் பின்னால் சாய்ந்தார். “என்ன பண்றேள்? நான் பிறத்தியார் தொட்டது...”

“தெரியும்.”

“என் ஆசாரம் என்னாறது?”

“எனக்கும்தான் ருசியா இருந்துச்சு சாமி. ஒவ்வொரு தடவையும். அதுக்காக நான் சோத்தை விட்டேனா? வாயைத் திறங்க.”

அவர் திறக்கவில்லை. தயிர் பிசைந்த விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. மேடத்தின் இடது கை மெல்ல மேலே எழுந்தது. உள்ளங்கை விரிந்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

“திறக்கிறீங்களா, இன்னொண்ணு போடவா?”

பெரியவர் அந்த ஓங்கிய கையைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு, குழந்தை மருந்துக்குத் திறப்பது போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.